கலங்கிய நீரில் சோனார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நல்ல கேமராவும் பளிச்சென்ற விளக்கும் இருந்தால் தண்ணீருக்கடியில் எதையும் பார்த்துவிடலாம்.

உண்மை: 2024 மார்ச் 26 அதிகாலையில் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மோதி, அமெரிக்காவின் பால்டிமோரில் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் படாப்ஸ்கோ ஆற்றில் சரிந்தது. பாலத்தில் பராமரிப்பு வேலையில் இருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். துறைமுகப் பாதையை அடைத்துக் கிடந்த இரும்பை அகற்ற இறங்கிய முக்குளிப்பவர்களுக்கு ஓரிரு அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஆற்றின் அடியில் அப்படித் தளர்ந்த சேறு. விளக்கைப் போட்டாலோ மிதக்கும் துகள்கள் எல்லாம் ஒளியைத் திருப்பியடித்துக் கண்ணைக் கூச வைத்தன. முறுக்கிக்கொண்ட இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

ஒலிக்கு அந்தச் சேற்றுத் துகள்கள் பெரிய தடையில்லை. நீரில் அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். ஆகவே அமெரிக்கக் கடற்படை, ஒலியை அனுப்பி எதிரொலியால் உருவம் காட்டும் முப்பரிமாண சோனாரைக் கொண்டுவந்தது. மேலே படகில் இருந்தவர்கள் திரையைப் பார்த்து வழி சொல்லச் சொல்ல, கீழே இருந்தவர்கள் ஏறக்குறையக் கும்மிருட்டில் நகர்ந்தார்கள்.

நம்பிக்கை: சோனார் படமும் ஒரு வகைப் புகைப்படம்தான்.

உண்மை: இல்லை. பால்டிமோரிலிருந்து வெளியான படங்களில் இருந்த நிறங்கள் கணினி பூசியவை. சோனார் அளப்பது நேரத்தை. ஒலித்துடிப்பு போய் முட்டித் திரும்ப எவ்வளவு நேரமானது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு வலுவாக வந்தது என்ற கணக்கிலிருந்துதான் உருவம் பிறக்கிறது. இரும்பும் பாறையும் பலமாக எதிரொலிக்கும், மென்சேறு ஒலியை விழுங்கிவிடும். பக்கவாட்டு சோனாரில் பொருளைவிட அதன் நிழலே அதிகம் சொல்லும். பொருளுக்குப் பின்னால் ஒலி எட்டாத பகுதி நிழலாக விழும். அதன் நீளத்தைக் கொண்டு பொருளின் உயரத்தைக் கணக்கிடுவார்கள்.

நம்பிக்கை: சக்திவாய்ந்த சோனார் இருந்தால், கடலடியில் கிடக்கும் விமானத்தைக் கப்பலில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

உண்மை: நுணுக்கமாகப் பார்க்க உயர்ந்த அதிர்வெண் வேண்டும், ஆனால் அதிர்வெண் கூடக்கூட ஒலியைத் தண்ணீர் சீக்கிரமே உறிஞ்சிவிடும். ஆழத்தை எட்டுவது தாழ்ந்த அதிர்வெண்தான், அதுவும் விரிந்துகொண்டே போகும். 1 டிகிரி அகலமுள்ள ஒலிக்கற்றை 4,000 மீட்டர் ஆழத்தைத் தொடும்போது சுமார் 70 மீட்டர் அகலமாகிவிடுகிறது. ஏர்பஸ் ஏ330-200 விமானத்தின் நீளமே 59 மீட்டருக்குள்தான். முழு விமானமும் ஒரே புள்ளிக்குள் காணாமல் போகும்!

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 அந்த ரக விமானம்தான். 2011 ஏப்ரலில் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தவை, கடல்தரைக்கு அருகிலேயே போய்த் தேடிய தானியங்கி நீர்மூழ்கிகள்.

நம்பிக்கை: படத்தில் விமானம் தெரிந்தால் விமானம் கிடைத்ததாக அர்த்தம்.

உண்மை: 1937-இல் பசிபிக்கில் மறைந்த விமானி அமீலியா இயர்ஹார்ட்டின் விமானமாக இருக்கலாம் என்று 2024 ஜனவரியில் ‘டீப் சீ விஷன்’ நிறுவனம் ஒரு சோனார் படத்தை வெளியிட்டது. ஹௌலண்ட் தீவுக்கு அருகே, சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில் இறக்கையும் வாலும் போலவே ஓர் உருவம். உலகமெங்கும் பரபரப்பு. அதே ஆண்டு நவம்பரில் நெருங்கிப் பார்த்தபோது அது வெறும் பாறை. படத்தின் மேல் எனக்குக் குறையில்லை, அது எதிரொலியை உள்ளபடியே காட்டியது. இறக்கை பொருத்தியது நம் ஆசை.

ஏர் பிரான்ஸ் 447 விஷயத்தில் தேடியவர்கள் சோனார் காட்டிய சிதறல்களோடு நிற்கவில்லை. நீர்மூழ்கியைக் கேமராவோடு மறுபடியும் அனுப்பி, இன்ஜினையும் சக்கரத்தையும் படமெடுத்துவந்தார்கள்.