டிரம்மைத் தொடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லீ என்ஃபீல்டு நாலாம் நம்பர் 'டி' ரைபிள் கைக்கு வந்த சந்தோஷம் முதல் பக்கத்தில். நூறு கெஜத்தில் குண்டு எட்டு அங்குலம் வலப்பக்கம் விழுகிறதே என்ற கவலை அடுத்த பக்கத்தில். பழைய ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, புது மவுண்டுக்குத் துளை போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் கையில் இருப்பது சாதாரணச் சிப்பாய்த் துப்பாக்கி இல்லை. பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, நன்றாகச் சுடுபவற்றை மட்டும் பொறுக்கி, 1942 முதல் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு ஸ்கோப்பைச் சேர்த்துவைத்தார்கள். கட்டையின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணை உன் ஸ்கோப்பின் எண்ணோடு ஒத்துப் பார். ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் ரைபிளின் எண் இருக்கும். இவை பொருந்தினால் உன் வேலை பாதி முடிந்தது. பொருந்தாவிட்டால் அந்த எட்டு அங்குலத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

அந்த 32ஆம் நம்பர் ஸ்கோப்பை முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத்தான் வடிவமைத்தார்கள். மூன்று மடங்குதான் பெரிதாக்கும். உன்னுடையது முதல் மார்க் என்பதால் பக்கவாட்டு டிரம்மின் ஒரு க்ளிக் இரண்டு கோணக் கலை (மினிட்). நூறு கெஜத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம். கணக்குப்படி நாலு க்ளிக் திருப்பினால் குறிக்கு வந்துவிடும். அந்தக் கணக்கை நம்பி உடனே திருப்பிவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல வருடம் முன்பு, பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஒரு காலைப்பொழுது முழுக்க டிரம்மைத் திருப்பியபடியே இருந்தேன். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். அடுத்த குண்டு நடுவில் விழும். அதற்கடுத்தது மறுபடி விலகும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, ரைபிளின் இடப்பக்கம், பிராக்கெட் உட்காரும் முன் பேடும் உடலும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டார். ஸ்கோப்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி விட்டார். அந்தக் கோட்டில் எண்ணெய் உள்ளே போய் வெளியே வந்தது, மூச்சு விடுவதுபோல. பேடின் திருகாணி தளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவைத்தான் நான் டிரம்மால் துரத்திக்கொண்டிருந்தேன்.

நீயும் முதலில் அந்த ஒரு சொட்டை விட்டுப் பார். பேடு அசைந்தால் நீயே முடுக்காதே. பழைய துப்பாக்கி தெரிந்த ஆயுதப் பழுதுகாரரிடம் கொடு. அசையாவிட்டால் பிராக்கெட்டின் இரண்டு கைத்திருகுகளையும் மாறிமாறி இறுக்கு. அடுத்தது மரம். குழலின் வாய்ப்பக்கம் முன்கட்டை கீழிருந்து 2 முதல் 7 பவுண்டு வரை அழுத்தித் தாங்க வேண்டும். எண்பது வருட மரம் சுருங்கியிருக்கும். அந்தத் தாங்கல் போயிருந்தால் எந்த ஸ்கோப்பும் உதவாது.

இத்தனைக்கும் பிறகு, தோட்டா அறை காலியா என்று பார்த்துவிட்டு, போல்ட்டை உருவி எடு. ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பார். குழல் காட்டும் புள்ளியும் ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கம்பத்தின் நுனியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இந்த ஸ்கோப்பில் டிரம்மைத் திருப்பினால் கம்பமே வட்டத்துக்குள் நகரும். அது ஓரத்துக்குப் போய்விட்டால் கோளாறு பிராக்கெட்டில் இருக்கிறது என்று பொருள்.

சுடுவதை 25 கெஜத்தில் தொடங்கு. குழலைவிட ஸ்கோப் உயரத்தில் இருப்பதால் அங்கே குண்டு குறிக்குச் சற்றுக் கீழே பட்டால் பதறாதே. பிறகு நூறு கெஜம். ஐந்து தோட்டா, ஒரே ரகம், ஒரே பெட்டி. அந்தக் காலத்து ஏழாம் மார்க் தோட்டாவின் குண்டு 174 கிரெய்ன் எடை. அதை ஒட்டிய எடையில் புதிதாகச் செய்ததை வாங்கு. ஐந்தும் ஒரு கொத்தாக விழுந்தால்தான் டிரம்மைத் தொடலாம். சிதறினால் தொடாதே. திருப்பும்போது வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிறுத்து; பழைய மரைகளில் தளர்ச்சி உண்டு. குழல் சூடேறினால் ஆறவிடு.

குறி நிலைத்த பிறகு டிரம்மின் அளவுகோலைத் தளர்த்தி ஜீரோவுக்கு வைக்கும் வேலை மிச்சம். மூன்றாம் மார்க்கில் அது எளிது. முதல் மார்க்குக்கு அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். இடுக்கியால் முயன்று டிரம்மின் முகத்தைக் கீறிவைத்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கருவி என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை மைதானத்துக்கு வரும்போது எண்ணெய்ச் சொட்டில் என்ன தெரிந்தது என்று எழுதிக்கொண்டு வா. மீதியைச் சேர்ந்தே செய்வோம்.

அன்புடன்,
அண்ணன்