எந்த வாரம் ஆடாமல் இருப்பது?

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

அக்கா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். முழங்காலில் வலியாம். ஆனாலும் அடுத்தடுத்த மூன்று வாரங்களில் மூன்று ஜூனியர் பேட்மிண்டன் ரேங்கிங் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாயாம். கேட்டால், "டேப் ஒட்டிக்கிட்டு ஆடிடுவேன்" என்கிறாயாம். உன் அப்பா சொல்லியும் கேட்கவில்லை, கோச் சொல்லியும் கேட்கவில்லை என்றதும் பஞ்சாயத்து தாய்மாமன் தலையில் விழுந்திருக்கிறது. உன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் இதே மாதிரி வாரங்களில் என்ன முடிவெடுத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் படித்துவிட்டுப் பிறகு பிடிவாதம் பிடி.

2022 ஆகஸ்ட், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. காலிறுதியிலேயே பி.வி. சிந்துவுக்கு இடது கணுக்காலில் வலி வந்துவிட்டது. அப்படியே அரையிறுதி ஆடினார். இறுதியில் கனடாவின் மிஷெல் லீயை நேர் செட்களில் வென்று தங்கம் வாங்கினார். அதன்பிறகுதான் எலும்பில் விரிசல் என்று தெரிந்தது. அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போனது. அந்த ஆண்டின் மீதிப் போட்டிகளும் போயின. 2023 ஜனவரியில் மலேசிய ஓபனுக்குத் திரும்பியபோது முதல் சுற்றிலேயே ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோல்வி.

சிந்து செய்தது தப்பா? மாமாவைக் கேட்டால் தப்பில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் போட்டி அது. ஒற்றையர் தங்கம் அதுவரை அவர் கையில் இல்லை. வயது 27, உலகச் சாம்பியன் பட்டம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அந்தப் பதக்கத்துக்கு ஐந்து மாதம் கொடுக்கலாம். உனக்கு முன்னால் இருப்பதோ ஜூனியர் ரேங்கிங் போட்டி. அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும்.

சாய்னா நேவாலின் கதை இன்னும் கசப்பானது. 2015-ல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர் அவர். இந்தியப் பெண்களில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். மறுவருடம் ரியோ ஒலிம்பிக்குக்கு முழங்கால் காயத்தோடு போய், குரூப் சுற்றில் உக்ரைனின் மரியா உலிட்டினாவிடம் தோற்று வெளியேறினார். அதே மாதம் அறுவை சிகிச்சை. ஓராண்டு கழித்து கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியது அவருடைய மன உறுதிக்குச் சாட்சி. ஆனால் அந்த முழங்கால் பழைய முழங்காலாக ஆகவே இல்லை.

டேப் விஷயத்துக்கு வருவோம். வலி இருக்கும் காலோடு ஆடுகிறவள் எப்படித் தோற்கிறாள் என்று கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். நெட்டுக்கு ஓடும்போது கடைசி அடியை முழுசாக எட்டி வைக்க மாட்டாள். கால் தானாகவே அரை அடி குறைத்துக்கொள்ளும். அந்த அரை அடியில் ஷட்டில் நெட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். கீழிருந்து தூக்கித்தான் போட முடியும், அதுவும் பின்கோடு வரை போகாது. எதிராளி நடுக்கோர்ட்டிலேயே ஸ்மாஷ் அடிப்பாள். பார்க்கிறவர்கள் 'டிஃபென்ஸ் சரியில்லை' என்பார்கள்.

பெரிய ஆபத்து பின்மூலையில் இருக்கிறது. பேக்ஹேண்ட் பக்கம் உடம்பை வளைத்துத் தலைக்கு மேலே அடித்துவிட்டு, வலதுகை ஆட்டக்காரி இடது காலில் தனியாக இறங்குகிறாள். உடம்பு எடை முழுதும் வளைந்த ஒற்றை முழங்காலில். இந்த ஆட்டத்தில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுகிற இடங்களில் முக்கியமானது இது. ஏற்கெனவே வலியால் தசை தளர்ந்திருக்கும் காலுக்கு டேப் அங்கே என்ன காவல் கொடுத்துவிடும்?

காயத்தைக் கவனித்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா பொய் சொல்லப் போவதில்லை. 2019-ல் வலது முழங்கால், 2021-ல் இடது முழங்கால் என இரண்டையும் சரிசெய்துகொண்டு திரும்பியவர் கரோலினா மரின். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் செட்டை 21-14 என்று எடுத்து, இரண்டாவதிலும் 10-6 என்று முன்னணியில் இருந்தபோது வலது முழங்கால் மறுபடி போனது. அன்று எதிரே ஆடிய சீனாவின் ஹெ பிங்ஜியாவ், பிறகு வெள்ளி மேடையில் ஸ்பெயின் சின்னத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். கவனமாக இருப்பவருக்கே இப்படி நடக்கும் ஆட்டத்தில், கவனமே வேண்டாம் என்கிறாய் நீ.

எதிர்க்கதையும் உண்டு. புல்லேலா கோபிசந்துக்கு 1994-ல் புனே தேசிய விளையாட்டுப் போட்டியில், இரட்டையர் ஆட்டத்தின்போது முழங்கால் போனது. அவர் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றது 2001-ல். நடுவில் ஏழு ஆண்டுகள்! உனக்கு மூன்று வாரம் பொறுக்கவில்லை.

இனி கணக்கு. உலகத் தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்று உனக்கே தெரியும்: கடைசி 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த பத்துப் போட்டிகள் மட்டும். பதினொன்றாவதாக ஒன்றில் நொண்டிக்கொண்டு போய் முதல் சுற்றில் தோற்றால் அந்தப் புள்ளி கணக்கில் ஏறவே ஏறாது; டிக்கெட் செலவும் வீக்கமும்தான் மிச்சம். 2017-ல் நான்கு சூப்பர் சீரிஸ் பட்டம் வாங்கிய ஸ்ரீகாந்த், 2018 ஏப்ரலில் உலக முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். புள்ளிகள் வந்த வேகத்திலேயே போகும். உடம்பு இருந்தால் மறுபடி சேர்க்கலாம். அவரும் 2021-ல் உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளியோடு திரும்பினார்.

ஊரை விட்டு ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்குப் போனால்தான் எதிர்காலம் என்று வேறு சொல்கிறாயாம். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். இப்போதைக்கு ஒன்று: சென்னையிலேயே பயிற்சி எடுத்த சங்கர் முத்துசாமி 2022-ல் ஸ்பெயினில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கினார், 2025 சுவிஸ் ஓபனில் அப்போது உலகின் இரண்டாம் நிலையில் இருந்த ஆன்டன்சனை மூன்று செட்களில் மடக்கினார். கடைசி செட் 21-5!

பிளஸ் டூவையும் விட்டுவிடாதே. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் படிப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சிந்துவுக்கு ஆந்திர அரசு துணை ஆட்சியர் பதவி கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வாயே, அந்தப் பெண் எம்.பி.ஏ. படித்தவர்.

ஆக, மாமாவின் தீர்ப்பு இது. முதல் இரண்டு போட்டியையும் விட்டுவிடு. மூன்றாவதற்கு, எலும்பு டாக்டரும் பிசியோவும் சரி என்று சொன்னால் மட்டும் போ. பெயரை வாபஸ் வாங்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அது தாண்டுவதற்குள் கோச்சிடம் நீயே வாய் திறந்து சொல், அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதே. ஸ்கேன் செலவு மாமாவுடையது. ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
மாமா