பல் சேர்ந்த நாய் வளர்ந்த நாயா?



மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும்போது முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். இரண்டு பல் என்றால் இளங்காளை. ஏறத்தாழ 4 முதல் 5 வயதில் எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் முழு வேலைக்கு ஏற்ற மாடு. மாட்டுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கை நாய்க்குப் போட்டால் ஏமாந்து போவோம். பெரிய இன நாய்க்கு 7 மாதத்தில் பல் எல்லாம் சேர்ந்துவிடும். ஆனால் எலும்பு முற்றி முழு வளர்ச்சி அடைய 15 முதல் 18 மாதம் ஆகும். இடைப்பட்ட அந்த மாதங்களில்தான் பல நல்ல நாய்கள் கெடுகின்றன.

மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியில் களத்து நெல், ஆட்டுப்பட்டி, மோட்டார் அறை ஆகியவற்றின் காவலுக்குப் பெரிய இனக் குட்டிகளை வாங்கி வளர்ப்பவர்கள் உண்டு. அல்சேஷனை விரும்புவோர் ஒருபுறம்; நம் நாட்டு இனங்களான இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகியவற்றை நாடுவோர் மறுபுறம். இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. எந்த இனமானாலும் கீழ்க்கண்ட விவரங்கள் பொருந்தும்.

பற்கள் முளைக்கும் காலம்

குட்டி பிறக்கும்போது வாயில் பல் இராது. மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்திற்குள் 28 பற்களும் வந்துவிடும். பின்னர் அவை விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் முறை வருமாறு:

முன் வெட்டுப்பற்கள் - 3 முதல் 5 மாதம்.
கோரைப்பற்கள் - 5 முதல் 6 மாதம்.
முன்கடைவாய்ப் பற்கள் - 4 முதல் 6 மாதம்.
கடைவாய்ப் பற்கள் - 5 முதல் 7 மாதம்.

முடிவில் மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22, ஆக 42 பற்கள் இருக்கும். விழும் பால்பற்களைக் குட்டி பெரும்பாலும் விழுங்கிவிடும், அதனால் தீங்கில்லை. ஈற்றில் சிறிது இரத்தக்கசிவும் இயல்பே. ஆறு மாதத்திற்கு மேலும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லுடன் சேர்ந்து நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டி அகற்றுங்கள். இல்லையேல் புதுப்பல் கோணலாக வளரும்.

குட்டி வாங்கும்போதும் இந்த விவரம் உதவும். 'இரண்டு மாதக் குட்டி' என்று விற்கப்படும் குட்டிக்குப் பால்பற்கள் முழுவதும் வந்திராவிட்டால், அது தாயிடமிருந்து முன்னதாகவே பிரிக்கப்பட்ட குட்டி என்று அறியலாம்.

கடிக்கும் பழக்கம்

ஈறு குறுகுறுக்கும் மாதங்களில் குட்டி செருப்பு, கயிறு, கட்டில் கால் எதையும் கடிக்கும். அடிப்பதால் பயனில்லை. பழைய துணியை முறுக்கி முடிச்சிட்டு, நனைத்துக் குளிர வைத்துக் கொடுக்கலாம். முழு கேரட்டும் நல்லது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், கொடுக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. எச்சில் ஒழுகுவதையும் கண்டதைக் கடிப்பதையும் எப்போதும் பல் முளைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். தாடை தொங்கி, விழுங்க முடியாமல், குரல் மாறி, திடீரெனச் சுபாவம் மாறிய குட்டியின் வாயில் 'எலும்பு சிக்கியிருக்கிறதோ' என்று கைவிடவே கூடாது. ஊசி போடாத குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், கீறல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோய் வெளிப்பட்ட பின் உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

7 மாதம் முதல் 18 மாதம் வரை

நீண்ட எலும்புகளின் நுனியில் மிருதுவான குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். சிறிய இனங்களில் இது 8 முதல் 10 மாதத்திற்குள் முற்றிவிடும். பெரிய இனங்களில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை பெருஞ்சுமை தாங்காது. ஏழு மாத நாய் உயரத்தில் பெரியதாகத் தெரிகிறது என்று மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓட விடுவதும், உயரமான இடத்திலிருந்து குதிக்கப் பழக்குவதும், வழுக்கும் சிமெண்டுத் தரையில் வளர்ப்பதும் கால் மூட்டையும் இடுப்பு மூட்டையும் கெடுக்கும். மண் தரையில் தானே ஓடி விளையாடுவது போதும்.

இந்த வயது நாய்க்குத் துணிச்சல் உண்டு, நிதானம் இராது. துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரம் நிலம் உள்ளவர்கள், வேலியின்றி இளநாயை இரவில் அவிழ்த்துவிட வேண்டாம்.

தீவனம்

சோறும் குழம்பும் மட்டும் கொடுத்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு மெலியும். இதற்கு அஞ்சி மருந்துக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது அதைவிடத் தவறு. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டியின் உடலால் மிகுதியான கால்சியத்தைத் தள்ளிவிட இயலாது; கால் வளைந்துவிடும். சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் முட்டை, தயிர், வேகவைத்த மீன் அல்லது இறைச்சி சேர்த்துக் கொடுங்கள். மீனில் முள் நீக்க வேண்டும். வெங்காயம் சேர்க்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து எவ்வளவு தேவை என்பதைக் குட்டியின் எடையைக் காட்டி மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நான்கு மாதம் வரை நாளுக்கு 4 வேளை, ஆறு மாதம் வரை 3 வேளை, பின்னர் 2 வேளை. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுத்த குட்டி பலமான குட்டி அல்ல.

இனப்பெருக்கம்

பெரிய இனப் பெட்டை நாய் பெரும்பாலும் 10 முதல் 14 மாதத்தில் முதன்முறை பருவத்துக்கு வரும். சில இன்னும் தாமதமாகும். பருவத்துக்கு வந்தது என்பதால் வளர்ச்சி முடிந்ததாகாது. முதல் பருவத்தில் சேர்க்காமல், 18 முதல் 24 மாத வயதான பின் சேர்ப்பதே தாய்க்கும் குட்டிகளுக்கும் நலம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்.

நினைவில் கொள்க

1. இரண்டு வார வயது முதல் குடற்புழு நீக்க மருந்து.
2. ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கி, நான்கு மாதம் வரை தவணைப்படி போடவும். டிஸ்டெம்பர் கண்ட குட்டி பிழைத்தாலும் புதுப்பற்களின் மேற்பூச்சு கெட்டுவிடும்.
3. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல்.
4. நெல் வயலும் எலியும் உள்ள இடத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கேட்டுப் போடவும்.

குட்டி நொண்டினாலோ, கால் வளைந்தாலோ எண்ணெய் தடவி நாள் கடத்தாமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். கூடுதல் சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குட்டி பிறந்த தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நாயின் வயதை அந்தத் தேதியைக் கொண்டு கணக்கிட்டு, 18 மாதம் ஆனபின் முழுக் காவலுக்கு விடுங்கள்.