ஜீனஸ் 3-ல் தொடங்குங்கள்

ஒரு வளைவரை தன் ஜாகோபியனுக்குள் எந்தெந்தத் திசைகளில் நகர முடியும்? இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பலரும் நேரே கோஹோமாலஜி வரிசைகளில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குமுன் ஜீனஸ் 3 வளைவரை ஒன்றைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கே விஷயம் பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

கலப்பெண்கள் மீது, ஜீனஸ் 3 வளைவரையின் ஜாகோபியன் 3 பரிமாண அபெலியன் வெரைட்டி. அதில் புள்ளிகளைக் கூட்டலாம். ஆகவே வளைவரையை உருக்குலையாமல் இடம்பெயர்க்க 3 திசைகள் எப்போதும் உண்டு. இவற்றுக்கு மேல் ஏதாவது உண்டா என்பதை ஒரு பெருக்கல் சொல்லிவிடும். வளைவரையின் ஹோலோமார்ஃபிக் வகையீட்டு வடிவங்களை இரண்டிரண்டாகப் பெருக்கினால் இருபடி வடிவங்கள் கிடைக்கும். பெருக்கலுக்கு எட்டாமல் எத்தனை மிஞ்சுகின்றனவோ, அத்தனை கூடுதல் முதல்நிலைத் திசைகள்.

இருபடி வடிவங்களின் வெளி 6 பரிமாணம். தளத்தில் அமையும் வழுவழுப்பான நான்காம் படி வளைவரையில் பெருக்கற்பலன்கள் ஆறும் ஒன்றையொன்று சாராதவை, மிச்சமே இல்லை. ஹைப்பர்எலிப்டிக் அல்லாத எல்லா வளைவரைகளிலும் மிச்சம் இருக்காது. மாக்ஸ் நோய்தர் 1880-ல் தந்த தேற்றம் இது.

ஹைப்பர்எலிப்டிக் வளைவரைதான் சுவையானது. மூலங்கள் எல்லாம் வெவ்வேறான எட்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றின் வர்க்கமூலத்தால் அது பிறக்கிறது. அதன் மூன்று வடிவங்களும், பொதுக் காரணியை ஒதுக்கினால், ஒன்று, மாறி, மாறியின் வர்க்கம். ஒன்றை வர்க்கத்தால் பெருக்கினாலும் மாறியை மாறியாலேயே பெருக்கினாலும் ஒரே விடைதான். ஆறு பெருக்கல்களில் கிடைப்பவை ஐந்தே. எட்டாமல் நிற்பது வர்க்கமூலம் கொண்ட வடிவம். முதல்நிலைத் திசைகள் 3 அல்ல, 4.

இங்கே அவசரப்படக் கூடாது. ஜாகோபியனையும் அதன் தீட்டா டிவைசரையும் கொடுத்தால் வளைவரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்கிறது டொரெல்லியின் 1913-ஆம் ஆண்டுத் தேற்றம். நகர்ந்துபோகும் வளைவரைக்கும் அதே ஜாகோபியன்தான் என்பதால் அது வேறொன்றாக உருமாற வழியில்லை. மெய்யான நகர்வு 3 பரிமாணமே. நான்காவது திசை முதல்நிலையைத் தாண்டி நீள்வதில்லை. வளைவரையின் எல்லா நகர்வுகளையும் ஒருசேரக் குறிக்கும் ஹில்பர்ட் ஸ்கீம் அந்த இடத்தில் வழுவழுப்பாக இருப்பதில்லை. முதல்நிலைத் திசைகளாலான தொடுவெளியின் பரிமாணத்தை மேல்வரம்பாக மட்டும் கொள்ள வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எளிது என்று ஜீனஸ் 2-ஐ எடுப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அங்கே எல்லா வளைவரைகளும் ஹைப்பர்எலிப்டிக்; ஆனாலும் 3 பெருக்கற்பலன்கள் 3 பரிமாணத்தையும் நிரப்பிவிடும். அடுத்த பயிற்சிக்கு ஜீனஸ் 4 ஏற்றது: ஹைப்பர்எலிப்டிக் வளைவரையில் 9-க்கு 7 கிடைக்கும், 2 மிஞ்சும்.