லேபிள் நெரிசல்: கோளாறு சார்ட்டில் இல்லை, குவெரியில்

மாவட்டவாரியான எண்ணிக்கை ஒன்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சார்ட்டாகத் தரும் அறிக்கைகளைப் பாருங்கள். கீழ் அச்சில் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பட்டைகளின் உச்சியில் எண்கள் இடித்துக்கொள்ளும். எந்தப் பட்டை எந்த ஊருக்கு என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். பெரும்பாலோர் இதை அழகு சம்பந்தப்பட்ட சிறு குறையாகவே எடுத்துக்கொண்டு, சார்ட்டின்மேல் வலது கிளிக் செய்து எழுத்தளவைக் குறைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டைகளைப் பார்த்துத்தான் எங்கே மருந்து அனுப்புவது, எங்கே ஆள் நியமிப்பது என்று முடிவாகிறது. பெயரை மாற்றிப் படித்தால் முடிவும் தவறான ஊருக்குப் போய்ச் சேரும்.

பத்திரிகையில் வரும் சார்ட்டை ஒருவர் உட்கார்ந்து ஒருமுறை வரைகிறார். முட்டும் பெயரைக் கையால் நகர்த்திவைக்கிறார். தரவுத்தள அறிக்கை அப்படிப்பட்டதல்ல. மாதாமாதம், சில இடங்களில் நாள்தோறும், ஆள் யாரும் பார்க்காமலே அது தன்னைத்தானே வரைந்துகொள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு வந்தன. 2020இல் மயிலாடுதுறை சேர்ந்து 38 ஆனது. 32 பெயருக்காக இழுத்துப் பிடித்துச் சரிசெய்த எந்தச் சார்ட்டும் 38 பெயருக்குத் தாங்காது. கையால் செய்த திருத்தம் அன்றைய தரவுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே நெரிசலைத் தீர்க்கும் இடம் சார்ட்டின் வடிவமைப்புப் பெட்டி அல்ல, அதற்கு முன்னால் தரவுத்தளத்திலிருந்து தரவை எடுத்துத் தரும் குவெரி. இந்த ஒன்றை ஏற்காததால்தான் கீழ்க்கண்ட நம்பிக்கைகள் அலுவலகங்களில் நிலைத்து நிற்கின்றன.

நம்பிக்கை: எழுத்தைச் சிறிதாக்கினால், அல்லது சாய்த்துவைத்தால், எல்லாப் பெயரும் அடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது நிற்காது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இரு பக்கமும் ஓரம் விட்டு, இடது அச்சுக்கும் இடம் கொடுத்தால் பட்டைகளுக்கு மிஞ்சுவது சுமார் 14.5 சென்டிமீட்டர். அதை 38ஆல் வகுத்தால் ஒரு மாவட்டத்துக்கு 3.8 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி எழுத்தில் ஒரு வரியின் உயரம், இடைவெளியும் சேர்த்து, ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். அதாவது பெயரை முழுக்கச் செங்குத்தாக நிறுத்தினாலும் பக்கத்துப் பெயர்மேல் உரசும். 45 பாகை சாய்த்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு பெயருக்கும் வரி உயரத்தைப்போல 1.41 மடங்கு, கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர், வேண்டும். இருப்பதோ 3.8. போதாக்குறைக்குத் திருச்சிராப்பள்ளி போன்ற நீண்ட பெயர் சாய்ந்து இறங்கும்போது சார்ட்டின் உயரத்தையும் தின்றுவிடுகிறது. பட்டைகள் குட்டையாகி வேறுபாடு தெரியாமல் போகிறது. எழுத்தை ஆறு புள்ளிக்கு இறக்கினால் தமிழுக்கு நேரும் கேடு தனி. நகலெடுத்த தாளில் புள்ளி மறைகிறது, இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் ஒன்றாகின்றன, ணகரமும் னகரமும் ஒரே கறையாகின்றன.

இதே 38 பெயரை அதே தாளில் கிடைமட்டப் பட்டைகளாகப் போட்டுப் பாருங்கள். தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், ஓரமும் தலைப்பும் போக 22 சென்டிமீட்டர் நிச்சயம் கிடைக்கும். ஒரு மாவட்டத்துக்கு 5.8 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி எழுத்து தாராளமாக நிற்கிறது, தலையைச் சாய்க்காமல் படிக்க முடிகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1786இல் வில்லியம் பிளேஃபேர் வெளியிட்ட நூலில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் காட்டும் பட்டைச் சார்ட் இருக்கிறது. 17 இடங்களோடு நடந்த வாணிகத்தைக் கிடைமட்டப் பட்டைகளாக வரைந்து, பெயர்களை ஒரு பக்கமாக நேராக எழுதியிருக்கிறார். பட்டைச் சார்ட்டின் தொடக்ககால மாதிரியிலேயே கிடைத்துவிட்ட தீர்வு இது. இன்றைய மென்பொருள்களில் செங்குத்துப் பட்டையே முதலில் வந்து நிற்பதால், பெரும்பாலோர் அதை மாற்றிப் பார்ப்பதே இல்லை.

நம்பிக்கை: தானியங்கி அமைப்பில் விட்டால் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்கிறது, ஆனால் எப்படி என்று கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸிலும் சரி, எக்செலிலும் சரி, வகை அச்சின் இடைவெளி 'ஆட்டோ' என்று இருந்தால், இடம் போதாதபோது மென்பொருள் பெயர்களைத் தாண்டித் தாண்டி அச்சிடும். பட்டைகள் 38ம் இருக்கும், பெயர் பாதிக்கு மட்டும் இருக்கும். மாத அச்சில் இது குற்றமில்லை. ஜனவரியும் மார்ச்சும் தெரிந்தால் நடுவில் இருப்பது பிப்ரவரி என்று யாருக்கும் புரியும். மாவட்டப் பெயரில் அந்த வசதி கிடையாது. தருமபுரிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் பெயரில்லாமல் நிற்கும் பட்டை யாருடையது என்று ஊகிக்க வழியில்லை. இடைவெளியை 1 என்று எழுதினால் எல்லாப் பெயரும் வரும், ஆனால் மறுபடி நெரிசலும் வரும். பெயரை எங்கே வைப்பது என்பது உண்மையிலேயே கடினமான சிக்கல். நிலப்படத்தில் ஊர்ப்பெயர்களை ஒன்றோடொன்று மோதாமல் பொருத்தும் கணக்கு கணினியியலில் 'என்பி-ஹார்டு' வகையைச் சேர்ந்தது என்று 1991இல் மார்க்ஸ், ஷீபர் இருவரும், தனியே ஃபோர்மன், வாக்னர் இருவரும் காட்டினார்கள். எல்லா நிலைமைக்கும் மிகச் சிறந்த இடத்தை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை. மென்பொருள் செய்வது ஒரு சமாளிப்பு. அதன்மேல் 38 பெயரின் சுமையை ஏற்றுவதைவிட, அதன் கைக்குப் போகும் பெயர்களைக் குவெரியிலேயே குறைப்பதும் சுருக்குவதும் நம் பொறுப்பு.

நம்பிக்கை: பெயரின் முதல் சில எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

குவெரியில் திருத்துவது என்றதும் பலரும் முதலில் செய்வது இதுதான். 'லெஃப்ட்' என்ற ஒரு கட்டளை, ஆறு எழுத்து என்று ஒரு வரம்பு. தமிழில் இது ஆபத்து. கணினிக் கணக்கில் 'தி' என்பது தகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ப்' என்பது பகரமும் புள்ளியுமாக இரண்டு. அந்தக் கணக்கில் ஆறை வெட்டினால் திருவண்ணாமலை 'திருவண' ஆகிறது, புள்ளி போய்விடுகிறது. திருப்பத்தூரும் திருப்பூரும் ஆளுக்கொரு 'திருப்' ஆகின்றன. ஏழாக உயர்த்தினாலும் இரண்டும் 'திருப்ப' என்றே நிற்கும். தமிழ்நாட்டில் 'திரு' என்று தொடங்கும் மாவட்டங்கள் ஏழு: திருவள்ளூர், திருவண்ணாமலை, திருவாரூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பூர், திருப்பத்தூர். வெட்டிய பெயரைக் கொண்டே தொகுக்கவும் செய்தால் கேடு பெரிது: திருப்பத்தூரின் எண்ணும் திருப்பூரின் எண்ணும் கூட்டப்பட்டு ஒரே பட்டையாக எழும்பி நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. சார்ட் சுத்தமாகத்தான் இருக்கும், அதில் உள்ள எண்தான் பொய்யாக இருக்கும்.

சுருக்குவதே தவறு என்பதல்ல. யார் சுருக்குவது என்பதுதான் கேள்வி. நெல்லை, கோவை, திருச்சி, தஞ்சை, புதுகை, குமரி என்று மக்களே சுருக்கிவைத்த பெயர்கள் பேருந்துப் பலகையிலிருந்து செய்தித் தலைப்பு வரை புழங்குகின்றன. மாவட்ட அட்டவணையில் முழுப் பெயருக்குப் பக்கத்தில் குறும்பெயருக்கென ஒரு நிரல் சேர்த்து, அதில் இவற்றை ஒருமுறை பதிந்துவைத்தால் எல்லா அறிக்கையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். தொகுப்பதற்கு மாவட்டக் குறியீட்டு எண், காட்டுவதற்குக் குறும்பெயர் என்று பிரித்துவிட்டால் இரண்டு மாவட்டம் ஒன்றாகும் பேச்சே எழாது. புதிய மாவட்டம் வந்தாலும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

தேதியிலும் இதே பிழை வேறு உருவில் வருகிறது. லேபிள் சிறிதாக இருக்கட்டும் என்று தேதியைக் குவெரியிலேயே மாதப் பெயராக, அதாவது எழுத்துச் சரமாக, மாற்றிவிடுகிறார்கள். அகரவரிசையில் அடுக்கினால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று ஆண்டு தொடங்குகிறது. வரிசையை எப்படியோ சரிசெய்தாலும், தரவே இல்லாத மாதம் அச்சிலிருந்து காணாமல் போய், இரண்டு மாத இடைவெளி ஒரு மாதம்போலத் தெரிகிறது. தேதியைத் தேதியாகவே அனுப்பி, அச்சைத் தேதி அச்சாக வைத்தால் ஐந்தாண்டின் 60 மாதத்துக்கும் ஆண்டுக்கொரு லேபிளாக ஐந்து போதும். விட்டுப்போன மாதம் வெற்றிடமாகத் தெரியும். அதுவும் ஒரு தகவல்தான்.

நம்பிக்கை: சிறியவற்றை 'மற்றவை' என்று சேர்ப்பது தரவை மறைப்பதாகும்.

இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சிறிய எண்ணே செய்தியாக இருக்கும் இடங்களில், உதாரணமாக ஒரு திட்டம் எட்டாத மாவட்டங்களைத் தேடும்போது, சேர்ப்பது பெருந்தவறு. அங்கே கீழிலிருந்து பத்தை எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது கேள்வியானால், ஒரு விழுக்காட்டுத் துண்டுகள் இருபதுக்கு இருபது பெயர் ஒட்டிய வட்டச் சார்ட் எதையும் சொல்வதில்லை. கோணத்தைவிட ஒரே அளவுகோலில் அமைந்த இடத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று 1984இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் சோதனையில் கண்டார்கள். ஆகவே அந்த வட்டத்தைப் பட்டையாக மாற்றுவதே முதல் வேலை. பிறகு சேர்ப்பதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். 'மற்றவை' என்று மட்டும் எழுதாமல் 'மற்ற 28 மாவட்டங்கள்' என்று எழுதுங்கள். அந்தப் பட்டை எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் நிற்கட்டும். முதல் பத்தை எடுக்கும்போது வெறும் வரிசை எண்ணை நம்பினால், பத்தாவதும் பதினொன்றாவதும் சமமாக இருக்கையில் ஒன்றைக் காரணமே இல்லாமல் தள்ளிவிடும். சமமானவற்றுக்கு ஒரே இடம் தரும் 'ரேங்க்' பொருத்தமானது.

விழுக்காடுகளில் இன்னும் கவனம் தேவை. ஓரிடத்தில் 1,000 பேர் தேர்வெழுதி 900 பேர் தேறினார்கள், இன்னோரிடத்தில் 100 பேர் எழுதி 50 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 90ஐயும் 50ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 70. உண்மையில் 1,100 பேரில் 950 பேர், அதாவது 86.4 விழுக்காடு. 'மற்றவை'யின் விகிதத்தை மூல எண்களிலிருந்தே மறுபடி கணக்கிட வேண்டும். சார்ட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் மூல எண்கள் அங்கே இல்லை. நெரிசலைக் குவெரியில் தீர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: மேலதிகாரி எல்லா எண்ணையும் கேட்கிறார், ஆகவே எல்லாம் சார்ட்டில் இருக்க வேண்டும்.

அவர் எண்ணைக் கேட்பது சரியே. அந்த எண் சார்ட்டின் உச்சியில்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எது உயர்ந்தது, எது சரிந்தது என்று ஒரே பார்வையில் காட்டுவது சார்ட். சரியாக எத்தனை என்று சொல்வது அட்டவணை. இரண்டும் ஒரே குவெரியிலிருந்து வரட்டும், ஒரே வரிசையில் அடுக்கப்பட்டு அடுத்தடுத்து நிற்கட்டும். சார்ட்டில் எண்ணை எழுதியே ஆக வேண்டுமானால் அச்சின் அளவுகோலை எடுத்துவிடுங்கள். ஒரே செய்தியை இருமுறை சொல்ல அங்கே இடமில்லை. 1,23,45,678 என்று எட்டு இலக்கம் எழுதுவதற்குப் பதில் தலைப்பில் 'லட்சத்தில்' என்று குறித்து 123.5 என்று எழுதினால் போதும். கணினித் திரையில் சுட்டியை வைத்தால் எண் தெரியும்போது இவ்வளவு கவலை ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. அறிக்கை பிடிஎஃப் ஆகி, வாட்ஸ்அப்பில் போய், கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. அங்கே சுட்டி கிடையாது. நிறமும் கிடையாது. ஆகவே கோட்டுச் சார்ட்டில் கோடுகளின் பெயரை ஓரத்தில் நிறப்பெட்டிகளாகத் தள்ளிவைப்பதும் நெரிசலைக் குறைத்ததாக ஆகாது. தேடும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. பிளேஃபேர் தம் கோட்டுச் சார்ட்டுகளில் இறக்குமதி, ஏற்றுமதி என்று அந்தந்தக் கோட்டின் மேலேயே எழுதினார். நான்கைந்து கோடு வரை இன்றும் அதுவே நல்ல முறை. அதற்குமேல் கோடு இருந்தால் சார்ட்டைப் பல சிறு சார்ட்டுகளாகப் பிரித்துவிடலாம்.

உங்கள் அலுவலக அறிக்கையில் பெயர்கள் இடித்துக்கொண்டு நின்றால், எழுத்தளவைத் தொடுவதற்கு முன் மாவட்ட அட்டவணையைத் திறந்து பாருங்கள். குறும்பெயருக்கு அங்கே நிரல் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். 38 பெயரைப் பதிய அரைமணி நேரம்கூட ஆகாது.