ஐப்பசி, கார்த்திகையில் சுருளி அருவி: நடந்து செல்வோருக்கான பருவகால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேனி மாவட்டத்துச் சுருளி அருவிக்குச் செல்ல எண்ணுவோருக்கு, கம்பத்தில் வானம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அருவிக்கு மேலுள்ள மேகமலையில் முந்தைய இரவு மழை பெய்ததா என்று விசாரித்தறிவதே முதற்கடமை. கம்பத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வருவிக்கு, வனத்துறைச் சோதனைச் சாவடியிலிருந்து ஆற்றையொட்டி மரநிழலில் செல்லும் பாதை ஏறக்குறைய ஒரு கி.மீ. நீளமே கொண்டது, செங்குத்தான ஏற்றம் இல்லாமையால் முதியவர்களும் சிறுவர்களும் சிரமமின்றி நடந்துவிடுகின்றனர். இந்த எளிமையே மழைக்காலத்தில் ஏமாற்றுவது. கடினமான மலையேற்றத்துக்குப் பல நாள் ஆயத்தம் செய்வோரும், ‘பக்கத்தில்தானே’ என்று இங்கே வெறுங்கையோடு வந்துவிடுகின்றனர்.

அருவியின் நீர், அது விழும் இடத்தில் பெய்யும் மழையால் வருவதன்று. மேலே மலையில் ஈத்தக்காடு, அரிசிப்பாறை, தூவானம் முதலிய பகுதிகளே இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது பெய்த மழை ஒன்றுதிரண்டு ஓடையாக இறங்கிவரும் பரப்பு. அங்கே கொட்டிய மழை சரிவுகளில் விரைந்திறங்கி அருவியை அடையும்போது, கீழே பள்ளத்தாக்கில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். இவ்வாறு முன்னறிவிப்பின்றித் திடீரெனப் பெருகுவதையே காட்டாற்று வெள்ளம் என்பர். இதற்கும் சில அறிகுறிகள் உண்டு. தெளிந்தோடிய நீர் செம்மண் நிறங்கொள்வதும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்துவருவதும், அருவியின் ஓசை கனத்து மாறுவதும், சற்றுமுன் காலூன்றி நின்ற கல் நீரில் மறைவதும் அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுநிலத்துக்குச் சென்றுவிட வேண்டும். பாறைமேல் வைத்த துணியையும் செருப்பையும் எடுக்கத் திரும்புதல் கூடாது. நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், முழங்காலளவு நீர்தானே என்று ஆற்றைக் குறுக்கே கடக்க முயல்வது வலிமையுள்ள இளைஞருக்கும் ஆபத்தே.

ஆகவே புறப்படும் நாளன்று காலையில் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒன்று, வானிலை ஆய்வு மையம் தேனி மாவட்டத்துக்கு விடுத்துள்ள எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேற்பட்ட மழையைக் கனமழை என்றும், 115.6 மி.மீ. முதல் 204.4 மி.மீ. வரையிலானதை மிகக் கனமழை என்றும் அம்மையம் வகைப்படுத்துகிறது. இவ்விரண்டில் எது அறிவிக்கப்பட்டிருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைப்பதே நலம். மற்றொன்று, வனத்துறை அன்று அருவியைத் திறந்துவைத்துள்ளதா என்பது. நீர்வரத்து மிகும்போது மட்டுமன்றி, யானைகள் பாதையருகே நடமாடும்போதும் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு. இப்பகுதி 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது என்பதை நினைவிற்கொண்டால், தடையை மீறிக் குறுக்குவழியில் நுழைவது எத்தகைய அறியாமை என்பது விளங்கும்.

வடகிழக்குப் பருவத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரள்வதால், முற்பகலிலேயே குளித்துத் திரும்புமாறு திட்டமிடுதல் தகும். ஆயினும் விடியற்கருக்கலில் தனியாக நடப்பது யானைகளின் பொருட்டுத் தவிர்க்கத்தக்கது. ஈரப்பாறையில் படரும் பாசி கண்ணுக்குக் கறுப்புநிறப் பாறையாகவே தோன்றுமாதலால், அடிப்பகுதி தேய்ந்த செருப்பு உதவாது. பிடிப்புள்ள காலணி வேண்டும். அருவி ஏறத்தாழ 150 அடி உயரத்திலிருந்து இறங்குவது. நீர் பெருகும் நாள்களில் சிறு கற்களும் மரத்துண்டுகளும் அதனோடு சேர்ந்து விழக்கூடுமாகையால், நேர்க்கீழே தலையைக் கொடுத்து நிற்பது எவ்வளவு இன்பமாயினும் அப்போது கூடாது. குழந்தைகளைக் கைப்பிடியிலேயே வைத்திருத்தலும், மது அருந்தியவரை நீரருகே விடாதிருத்தலும் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. குரங்குகளுக்குத் தின்பண்டம் காட்டாமல், உணவைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது போதும்.

கார்த்திகை பிறந்தபின் கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் பெருந்திரளாக இங்கே நீராடுவதாலும், அமாவாசை நாள்களில் முன்னோருக்குத் தர்ப்பணம், அதாவது எள்ளும் நீரும் இறைத்துச் செய்யும் சடங்கு, செய்வோர் கூடுவதாலும், நெரிசலை விரும்பாதவர்கள் சாதாரண வாரநாள்களைத் தேர்ந்துகொள்ளலாம். சடங்கு முடித்தபின் உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. அத்துணி பாறையிடுக்கில் சிக்கி, அடுத்து வருபவரின் காலைச் சுற்றிக்கொள்கிறது. களைந்த துணியைப் பையிலிட்டு ஊருக்கே எடுத்துச் செல்வதும், சோப்பு, ஷாம்பு, எண்ணெய் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டு வருவதும் வேண்டும். ஏனெனில் அருவியிலிருந்து கீழே இறங்கும் சுருளியாற்று நீரே பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் பாய்கிறது.