பரமார்த்த குரு: கதைப்பெயர் வழக்குத்தொடரான வகை

ஷேக்ஸ்பியரின் நாடகத்தொடர்கள் பல ஆங்கிலப் பேச்சுவழக்கில் கலந்துள்ளன. பொறாமையைப் பச்சைக்கண் பூதம் என்பது ‘ஒதெல்லோ’ நாடகத்தின் கொடை. ஆயினும் அவர் பெயரில் வழங்குவன எல்லாம் அவர் ஆக்கியவை அல்ல. விளங்காததைக் கிரேக்கம் என்னும் ‘ஜூலியஸ் சீசர்’ தொடருக்கு இடைக்கால இலத்தீனிலேயே முன்வடிவம் உண்டு. முதற்பதிவு வேறு; முதற்படைப்பு வேறு.

தமிழில் இவ்வேறுபாட்டை ஆராய ஏற்ற நூல், நாடகம் அன்றாயினும், வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’ ஆகும். அறிவற்ற தலைவனையும் அவனை நம்பிச் செல்வோரையும் ‘பரமார்த்த குருவும் சீடர்களும்’ என எள்ளுவது அந்நூலைப் படியாதாரிடத்தும் காணப்படும் வழக்கு.

கதைக்கூறுகளோ பழையன. ஆற்றைக் கடந்தவர்கள் தம்மை விடுத்து எண்ணி, ஒருவரைக் காணோம் என அழுவது அத்வைத நூல்களில் ‘பத்தாமவன்’ உவமையாக வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் ‘பஞ்சதசி’ அதனை விரித்துரைக்கும். அங்கே தன்னை மறந்த சீவனுக்கு உவமையானது இங்கே வெறும் நகைப்பாகிறது. அமர்ந்த கிளையை வெட்டுவது காளிதாசனைப் பற்றியும் சொல்லப்படும் செவிவழிக் கதை. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவதற்கும் பிறநாட்டு வாய்மொழிக் கதைகளில் இணைகள் உள்ளன.

எனின், முனிவரின் பங்கு யாது? சிதறிக் கிடந்த பேதைமைகளை ஒரு குருவின்கீழ்த் தொகுத்ததும், அவருக்கு இட்ட பெயருமே எனலாம். பரமார்த்தம் என்பது மேலான மெய்ப்பொருளைக் குறிக்கும் சமயச் சொல். அதனை ஏதுமறியாதவருக்குச் சூட்டியதில்தான் எள்ளலின் கூர்மை உள்ளது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர்க்கு ஏறத்தாழ ஒருபொருட் பெயர்களை அடுக்கியது, 1732இல் சதுரகராதி தொகுத்தவரின் அகராதிக் குறும்பு போலும்! இன்றும் பரமார்த்தம் தனித்து நிற்கையில் பெருமை குன்றுவதில்லை. குருவோடு சேர்ந்தால் மட்டுமே நகைப்புக்குரியதாகிறது. பொருள்மாற்றம் சொல்லில் அன்றித் தொடரில் நிகழ்ந்துள்ளது.

பாபிங்டன் 1822இல் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இலண்டனில் அச்சிட்டார். அச்சேறிய நூல் பரவிய வழியை அறிவது எளிது. தொடர் பரவிய வழி அத்தகையதன்று. அகராதிகள் சொல்லையே பதிவு செய்வன. இத்தகைய எள்ளல் வழக்குக்குக் கடிதங்களும் நாட்குறிப்புகளுமே சான்றாகும். செண்பகனூரிலுள்ள இயேசு சபை மதுரை மாநில ஆவணக்காப்பகம் இவ்வகையில் கருதத்தக்கது. ஆண்டுதேடுவோர் அங்கே காண வேண்டுவது நூற்பெயரை அன்று. நூலைச் சுட்டாது, உயிரோடிருந்த ஒருவரைப் பரமார்த்த குரு எனக் குறித்த இடத்தையே.